கப்பல் ஏற ஒரு ஈசிஜி

துருவத்துக்குப் போகிற கப்பல் மாலை நாலு மணிக்குக் கிளம்புவதாக இருந்தது. லிஃப்ட்காரரோ காலை ஒன்பது மணிக்கே சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு ஹோட்டல் ஹாலில் வந்து உட்கார்ந்துவிட்டார். கப்பல் கம்பெனி எல்லாப் பயணிகளுக்கும் கொடுத்த கோட்டு அது, மைனஸ் முப்பது டிகிரிக்குத் தைத்தது. ஹாலில் ஹீட்டர் வேறு ஓடிக்கொண்டிருந்தது. மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது.

“கழட்டி மடியில வெச்சுக்கங்களேன். வெந்துடப் போறீங்க,” என்றாள் மனைவி.

“பழகிக்கிறேன்.”

“குளிருக்குத்தான் பழகணும். வேர்வைக்கு என்ன பழக்கம் வேண்டிக்கிடக்கு?”

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். மேலே போவது, கீழே வருவது என்ற இரண்டைத் தவிர வேறு திசையே இல்லாத இருட்டுக் கூண்டுகளில் கிரீஸும் கையுமாக வாழ்ந்தவர். ஒரு கட்டடத்தின் மொட்டைமாடி மெஷின் ரூமில் யாரோ மாட்டிவிட்டுப் போன பழைய காலண்டரில் ஒரு பனிமலைப் படம் இருந்தது. கடலுக்கு நடுவே நீலமாக, யாரும் ஏறாமல், யாரும் இறங்காமல் நின்ற மலை. அதைப் பார்த்த நாளிலிருந்து மனிதருக்கு அதே பைத்தியம்தான். சம்பளம் வாங்கிய காலத்தில் பிள்ளைகள் படிப்பு, அப்புறம் கல்யாணம், அப்புறம் வீடு என்று தள்ளிக்கொண்டே போய், ஓய்வு பெற்றதும் ஒற்றைக் காலில் நின்றுவிட்டார். மகள் போனில் சிரித்தாள். “அப்பா, ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வெச்சுட்டு முன்னாடி ஒரு சேர் போட்டு உக்காருங்க. அதே குளிர்தான்.” அவர் அதற்கும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆசை முற்றிவிட்டால் ஆளுக்கு மான அவமானம் இருக்காது போலிருக்கிறது.

ஹாலில் நாலு மேஜை போட்டிருந்தார்கள். முதலாவதில் பாஸ்போர்ட் பார்த்தார்கள். இரண்டாவதில் ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள். மூன்றாவதில் ஒரு பெண் வாக்குவம் கிளீனரை வைத்துக்கொண்டு எல்லோருடைய பைகளையும் கோட்டுப் பாக்கெட்டுகளையும் உறிஞ்சிக்கொண்டிருந்தாள். ஒரு புல் விதைகூட நம்மோடு அந்தப் பனிக்கு வந்துவிடக் கூடாதாம், வந்து முளைத்துத் தொலைத்தால் யார் போய்ப் பிடுங்குவது? லிஃப்ட்காரர் இதற்காக மூன்று சாயங்காலம் செலவழித்து, ஒரு தையல் ஊசியால் எல்லாப் பைகளின் ஜிப்புகளையும் குடைந்து சுத்தம் செய்திருந்தார். “இவ்வளவு சுத்தமான பையை நான் பார்த்ததே இல்ல சார்,” என்று அந்தப் பெண் சொன்னதும் பரீட்சையில் முதல் மார்க் வாங்கினவர் மாதிரி மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாளே தவிர, கண்ணெல்லாம் நாலாவது மேஜையில்தான் இருந்தது. அங்கே கப்பல் டாக்டர் உட்கார்ந்திருந்தாள். நரைத்த கிராப்புத் தலை, மூக்கு நுனியில் கண்ணாடி. ஒவ்வொருவருடைய மருத்துவப் படிவத்தையும் ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தாள். மனைவி நினைத்துக்கொண்டு வந்தது, முத்திரை குத்தி அனுப்புகிற குமாஸ்தா யாராவது இருப்பான் என்று. படிக்கிறவளைப் பார்த்ததும் கைப்பையை மடியோடு இழுத்து அணைத்துக்கொண்டாள்.

வேலை பார்க்கிற மருத்துவமனையில் மனைவியை ஈசிஜி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர்களும் அப்படித்தான், வார்டு துடைக்கிறவர்களும் அப்படித்தான். முப்பத்தோரு வருஷமாக, படுத்திருப்பவர்களின் மார்பில் ரப்பர் குமிழ்களை ஒட்டி, கை காலில் கிளிப்பை மாட்டி, “மூச்சை சாதாரணமா விடுங்க, பேசாதீங்க” என்று சொல்லிச் சொல்லியே காலம் போயிற்று. அவள் வேலை வரைந்து கொடுப்பது, படிப்பது டாக்டரின் வேலை. ஆனாலும் இத்தனை வருஷம் பார்த்தவளுக்குப் படிக்கத் தெரியாமல் இருக்குமா? புது டாக்டர்கள் காகிதத்தில் ஓடும் கோடுகளைப் பார்த்து முழிக்கும்போது, “இந்த எடத்தை ஒரு தடவை பாருங்க டாக்டர்” என்று மெதுவாக விரலை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

நாலு மாசத்துக்கு முன்னால் கப்பல் கம்பெனியின் படிவம் வந்தது. அறுபது தாண்டியவர்கள் ஈசிஜி எடுத்துக் குடும்ப டாக்டரின் கையெழுத்தோடு நகல் அனுப்ப வேண்டும், கிளம்பும் நாளில் அசலைக் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. அவருக்கு அறுபத்து மூன்று. அவளுக்கு ஐம்பத்தேழுதான் ஆகிறது, அதனால் அவளுக்கு வேண்டியதில்லை.

“கட்டின பொண்டாட்டி ஈசிஜி எடுக்கறவ. நான் எதுக்கு வெளியில போய் கியூவுல நிக்கணும்?” என்று சாப்பாட்டு இடைவேளையில் அவளுடைய அறைக்கே வந்து படுத்துக்கொண்டார். குமிழ்களை ஒட்டியபோது கூச்சம் தாங்காமல் நெளிந்தார். அவள் பொத்தானை அமுக்கினாள். காகிதம் நகர்ந்து வந்தது.

“எப்படி, குதிரை மாதிரி ஓடுதா?”

அவள் காகிதத்தைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். இதயத்தின் அடிப்பக்கத்தைக் காட்டுகிற வரிகள் மூன்று உண்டு. அந்த மூன்றிலும் ஒவ்வொரு துடிப்பின் தொடக்கத்திலும் ஒரு ஆழமான பள்ளம் இருந்தது. எப்போதோ ஒரு மாரடைப்பு வந்து, வலிகூடக் காட்டாமல் போயிருக்கிறது. அஜீரணம் என்று நினைத்து ஒரு சோடா குடித்துவிட்டு வேலைக்குப் போயிருப்பார். தழும்பு மட்டும் மிச்சம்.

“ஓடுது,” என்றாள்.

சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கத்தான் வேண்டும். ஆனால் அவளுக்கு அவரைத் தெரியும். ரெண்டு தும்மல் சேர்ந்தாற்போல் வந்தால் போர்வைக்குள் புகுந்துகொண்டு, இன்ஷூரன்ஸ் காகிதம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்துவிடுகிற ஆள். இதைச் சொன்னால் படுத்துவிடுவார், அப்புறம் எழுந்திருக்கவே மாட்டார். கப்பல் கிடக்கட்டும், கடைத்தெரு வரைகூட வரமாட்டார். இந்தத் தழும்பு செய்யாததை அந்தப் பயம் செய்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. முதலில் போய்விட்டு வரட்டும். திரும்பி வந்த மறுநாளே பெரிய டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விடலாம். பதினெட்டே நாள். இப்படிச் சப்பைக்கட்டு கட்டுவதற்கு மனசுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

“நீங்க போய் கேன்டீன்ல டீ குடிச்சுட்டு இருங்க. பேர் அடிச்சு எடுத்துட்டு வரேன்,” என்று அனுப்பினாள். கதவைத் தாழிட்டுக்கொண்டு தானே படுத்தாள். தன் மார்பிலேயே குமிழ்களை ஒட்டிக்கொண்டாள். மெஷினில் அவர் பெயரையும் வயதையும் அடித்து, கையை நீட்டிப் பொத்தானை அமுக்கினாள். வந்த காகிதத்தில் அந்த மூன்று வரிகளை மட்டும் பார்த்தாள். பள்ளம் இல்லை. அப்பாடா என்று இருந்தது. காகிதத்தின் அடியில் துடிப்புகளை வரிசையாகக் காட்டி நீளமாக ஓடும் ஒற்றை வரியைப் படிவத்தின் அளவுக்குச் சரியாக வருமாறு பின்பக்கம் மடித்து ஸ்டேபிள் செய்தாள். எல்லோருக்கும் அப்படித்தான் செய்வாள், கைப்பழக்கம். குடும்ப டாக்டர் போனில் பிளம்பரையோ யாரையோ திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதன் பிறகு நாலு மாசம் அவள் பட்ட பாட்டை எழுதி மாளாது. அவர்கள் வீடு மூன்றாவது மாடி. ஊர்க் கட்டடங்களுக்கெல்லாம் லிஃப்ட் பார்த்தவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அவர் படியேறும்போதெல்லாம் இவள் பின்னாலேயே ஏறினாள். காய்கறிப் பையைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். திருப்பத்தில் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு மூச்சு வாங்குது, கொஞ்சம் நில்லுங்க என்று பொய் சொன்னாள். உப்பைக் குறைத்தாள். தூக்கத்தில் மூச்சு வருகிறதா என்று முகத்தருகே குனிந்து பார்த்தாள். ஒருநாள் அவர் கண்ணைத் திறந்துவிட்டார். “என்னடி, வயசான காலத்துல இப்படி ஒரு காதலா?” என்று கேட்டு, வெட்கப்பட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் முழுக்க ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

“அடுத்தவங்க வாங்க,” என்றாள் கப்பல் டாக்டர்.

இரண்டு பேரும் போய் உட்கார்ந்தார்கள். டாக்டர் அவருடைய படிவத்தைப் படித்தாள். ஈசிஜியைப் பார்த்தாள். தலையாட்டினாள். பிறகு, யாரும் செய்யாத காரியமாக, ஸ்டேபிள் பின்னை நகத்தால் நெம்பிக் கழற்றிக் காகிதத்தை முழுதாக விரித்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

“சார், உங்களுக்குத் தலை சுத்தல் வருமா? நடந்துட்டிருக்கும்போது கண்ணை இருட்டிக்கிட்டு வருமா?”

“சேச்சே. அதெல்லாம் ஒண்ணுமில்ல. நான் தினம் அஞ்சு கிலோமீட்டர் நடக்கறவன்.”

“திடீர்னு விழப்போற மாதிரி எதையாவது பிடிச்சுக்கிட்டதுண்டா?”

“இல்லையே.”

ஈசிஜி அக்காவுக்குத்தான் அதற்குப் பதில் தெரிந்திருந்தது. போன மாசம் வார்டு வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, சாப்பிடாமல் வந்ததால் என்று நினைத்தாள். அதற்கும் முன்னால் பஸ் நிறுத்தத்தில் ஒரு தடவை. அது வெயில் என்று நினைத்தாள். படியில் மூச்சு வாங்குகிறது என்று அவரிடம் சொன்னதில் பாதி பொய்யே இல்லை என்பதும் இப்போது உறைத்தது. மேஜைக்கு அந்தப் பக்கமிருந்த காகிதத்தைத் தலைகீழாகவே படித்தாள். தலைகீழாகப் படிப்பது அவளுக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சின்ன மேடு, கூர்முனை. சின்ன மேடு, கூர்முனை. சின்ன மேடு, அதற்குப் பிறகு வெறும் கோடு. ஒரு துடிப்பு வரவே இல்லை. அடுத்தது ஒன்றுமே நடக்காத மாதிரி வந்திருந்தது. அடுத்தவர்களுக்கு இப்படி வந்தால் காகிதத்தைக் கிழித்த கையோடு டாக்டரைக் கூப்பிட ஓடியிருப்பாள். தன்னுடையதில் மூன்று வரியைப் பார்த்துவிட்டு அப்பாடா என்று மடித்துவிட்டாள்.

டாக்டர் காகிதத்தை அவர் பக்கம் திருப்பினாள். “இந்த இடத்துல ஒரு துடிப்பு விட்டுப்போயிருக்கு சார். இது ஒண்ணு, பத்தாகும். பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வரும். கப்பல்ல நான் ஒருத்தி, கூட ஒரு நர்ஸ். அங்கேருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வரணும்னா நாலு நாள் கடல். உங்களை நான் ஏத்த முடியாது. மன்னிச்சுக்கங்க.”

லிஃப்ட்காரர் சண்டை போடுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். போடவில்லை. இன்ஷூரன்ஸ் காகிதத்தைப் பற்றியும் பேசவில்லை. துடிப்பு விட்டுப்போன இடத்தை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து கோட்டைக் கழற்றினார். கைகளை உள்ளே மடக்கி, கடையில் மடித்துவைப்பது போல நாலாக மடித்து மேஜையின் ஓரத்தில் வைத்தார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“நீ போயிட்டு வா,” என்றார் அவளிடம்.

“தனியாவா?”

“ரெண்டு பேரும் திரும்பிப் போனா அது ரெட்டை நஷ்டம். நீ போ. போட்டோகீட்டோ எல்லாம் வேணாம். நல்லா பாத்துட்டு வந்து எனக்கு வாயால சொல்லு. நீ சொன்னா நான் பாத்த மாதிரிதான். நான் இங்கேயே ஆஸ்பத்திரியில காட்டிட்டு ரூம் போட்டு இருக்கேன்.”

பேசாமல் இருந்துவிட ஒரு வழி இருக்கத்தான் செய்தது. நானும் போகல, வாங்க வீட்டுக்கு என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகலாம். ஊருக்குப் போய் அவருக்கும் தனக்கும் சத்தம் போடாமல் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பித்தலாட்டம் யாருக்கும் தெரிய வராது. முப்பத்தோரு வருஷப் பெயரும் காப்பாற்றப்படும். ஆனால் இவ்வளவு காலம் காத்திருந்த மனுஷன், தன்னுடையதே அல்லாத ஒரு கோளாறுக்காகக் கோட்டைக் கழற்றி மடித்து வைத்திருக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா உட்கார முடியவில்லை.

“டாக்டர், அது அவரோடது இல்ல. என்னோடது.”

டாக்டர் காகிதத்தின் மூலையில் அச்சடித்திருந்த பெயரைப் பார்த்தாள். “பேரு இவர் பேரா இருக்கே?”

“நான்தான் அடிச்சேன். ஈசிஜி எடுக்கறதுதான் என் வேலை.” ஒரு தடவை வாயைத் திறந்தபின் அவளால் பாதியில் நிறுத்த முடியவில்லை. கைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்து, அதில் சுருட்டி வைத்திருந்த காகிதத்தை நீட்டினாள். “இதுதான் அவரோடது. கப்பல்ல ஏதாவது ஒண்ணுன்னா காட்டலாம்னு வெச்சிருந்தேன். இதயத்தோட அடிப்பக்கம் பழைய தழும்பு இருக்கு. இதைக் காட்டினா ஏத்த மாட்டீங்கன்னுதான் அதை வெச்சேன்.”

“தழும்பா? யாருக்கு?” என்றார் லிஃப்ட்காரர்.

வாக்குவம் கிளீனர் மட்டும் யாருடைய பையையோ உறிஞ்சிக்கொண்டிருந்தது. கடைசியில் அவளே சொன்னாள். எப்போதோ வந்திருக்கிறது, உங்களுக்கே தெரியாமல் போயிருக்கிறது, நாலு மாசமாக எனக்குத் தெரியும் என்று மூன்றே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள்.

கப்பல் டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. “உங்களை மாதிரி அனுபவம் இருக்கறவங்க இதைச் செய்யலாமா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு ஹாலுக்குப் பக்கத்து அறையில் கையடக்க மெஷின் ஒன்றை வைத்து இரண்டு பேருக்கும் புதிதாக எடுத்தாள். பழக்க தோஷத்தில் ஈசிஜி அக்கா தானே கிளிப்பை வாங்கி மாட்டப் போனாள். டாக்டர் அவள் கையைத் தட்டிவிட்டாள். “நீங்க படுங்கம்மா. இன்னைக்கு நீங்க நோயாளி. இனிமே உங்க கையால வர்ற எந்த ஈசிஜியையும் நான் நம்பறதா இல்ல.”

அவளுடைய காகிதத்தில் இப்போது இரண்டு துடிப்பு விட்டுப்போயிருந்தது. அவருடையதில் தழும்பு அப்படியே இருந்தது. டாக்டர் அவரை மாடிப்படியில் நாலு தடவை ஏறி இறங்கச் சொன்னாள். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள். அரைமணி நேரம் துருவித் துருவிக் கேள்வி கேட்டாள்.

“அம்மாவை இப்பவே ஆஸ்பத்திரியில சேர்க்கணும். இங்கேருந்து பத்து நிமிஷம்தான். நான் போன் பண்ணிடறேன். தள்ளிப்போடற விஷயம் இல்ல,” என்றாள். பிறகு அவரைப் பார்த்தாள். “சார், உங்களுது பழசு. நல்லாவே ஏறி இறங்கறீங்க. என் மாத்திரையைச் சாப்பிட்டுக்கிட்டு, நான் வேணாம்னு சொல்ற இடத்துல கரையில இறங்காம இருப்பேன்னு இந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டா உங்களை நான் கூட்டிட்டுப் போறேன். ரெண்டரை மணிக்கு பஸ். யோசிச்சுக்கங்க.”

டாக்ஸியில் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். துறைமுகத்தைச் சுற்றித்தான் வழி. கட்டடங்களின் இடுக்கில் கப்பல் வெள்ளையாகத் தெரிந்து தெரிந்து மறைந்தது. சிவப்புக் கோட்டு மடித்தபடியே மடியில் இருந்தது, கையெழுத்துப் போடாத தாள் அதன் மேல் இருந்தது.

“நாலு மாசம்,” என்றார் கடைசியில்.

“தப்புதான்.”

“என் நெஞ்சுல இருக்கற தழும்பு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். அதை மூக்குக் கண்ணாடிக் கூட்டுல வெச்சுக்கிட்டுத் திரியறே.”

“சொன்னா நீங்க படுத்துடுவீங்க.”

“படுப்பேன். என் நெஞ்சு, நான் படுப்பேன். உனக்கென்ன?” சத்தம் ஏறியதும் டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். லிஃப்ட்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சரி, அதை விடு. படியில கையைப் பிடிச்சதெல்லாம் இதுக்குத்தானா? ராத்திரி குனிஞ்சு குனிஞ்சு பாத்தது? நான் என்னமோ…” அதற்கு மேல் சொல்லாமல் திரும்பவும் ஜன்னலைப் பார்த்தார். காது மடல் சிவந்துபோயிருந்தது.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கப்பல் டாக்டர் முன்னால் குட்டு வெளிப்பட்டபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. அந்த மனுஷன் நாலு மாசம் சந்தோஷமாக இருந்திருக்கிறார். அதையும் சேர்த்து இவள் போலியாக அச்சடித்துக் கொடுத்துவிட்டாள் என்றுதானே நினைக்கிறார்.

“முதல் வாரம் இதுக்குத்தான்,” என்றாள். இனி ஒரு பொய்கூடச் சொல்லும் தெம்பு அவளுக்கு இல்லை. “அப்புறம் பழகிடுச்சு. அப்புறம் பிடிச்சும் போச்சு. எது எதுக்குன்னு எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியல.”

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அவர் அவள் பையைத் தான் வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது மாடியில் அவளைப் படுக்க வைத்து மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். அந்த நர்ஸ் ஒட்டியதில் ஒன்று அரை அங்குலம் கீழே இருந்தது. ஈசிஜி அக்கா வாயை இறுக மூடிக்கொண்டாள். தலைமாட்டில் இருந்த திரையில் பச்சைக் கோடு ஓட ஆரம்பித்தது. நாளைக் காலையில் பேஸ்மேக்கர் வைக்கலாம், சின்ன ஆபரேஷன்தான், பயப்பட வேண்டாம் என்று ஒரு டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போனார். இப்படியே எத்தனையோ பேரிடம் அவர்கள் சொல்வதை இவள் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். படுத்துக்கொண்டு கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது. பயமாகத்தான் இருந்தது.

மணி இரண்டு.

“கிளம்புங்க,” என்றாள். “பஸ் போயிடும்.”

அவர் நாற்காலியைத் திரை தெரிகிற பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஜன்னல் அவர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் துறைமுகம் தெரியும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

“எனக்கு ஒண்ணும் ஆகாது. சின்ன வேலை. நானே ஆயிரம் பாத்திருக்கேன். நீங்க இங்க உக்காந்து என்ன பண்ணப் போறீங்க? போங்க. அதுக்குத்தானே நான் இவ்வளவும் பண்ணேன்.”

“நீ எனக்காகப் பண்ணதெல்லாம் போதும்,” என்றார் சூடாக. “இனிமே எனக்கு என்ன வேணும்னு நான் சொல்றேன். எனக்கு இன்னும் கோவம் போகல. சொல்லிட்டேன். போறதுக்கு நாளாகும். நீ நல்லபடியா எழுந்து வந்தப்புறம் உக்காந்து கோவிச்சுக்கறேன். இப்ப இதுல எது என்னன்னு சொல்லு.”

“எதுல?”

“இந்தத் திரையில. விட்டுப்போறது எது? எனக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கு.”

அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். சின்ன மேடு, அப்புறம் கூர்முனை. மேடு வந்து கூர்முனை வராமல் போனால் அதுதான். அவர் மெஷின் ரூமில் ரிலே சுவிட்சின் சத்தத்தைக் கேட்கிறவர் மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, “இதா?” என்று விரலை நீட்டினார். அதுதான். பிறகு வாய்க்குள்ளேயே எண்ண ஆரம்பித்தார். ஒன்று விட்டுப்போனதிலிருந்து அடுத்தது விட்டுப்போகும்வரை எத்தனை துடிப்பு என்று ஒரு கணக்கு. நாற்பத்து ஒன்று. அறுபது. முப்பத்தெட்டு. கையெழுத்துப் போடாத தாளைத் திருப்பி, அதன் பின்பக்கம் பென்சிலால் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்.

“அந்தத் தாள்ல எழுதாதீங்க. அதுலதான் கையெழுத்து…”

“பேசாத. மூச்சை சாதாரணமா விடு.”

இரண்டரை ஆயிற்று. அவள் மணியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். மூன்று ஆயிற்று. இனிச் சொல்லிப் பயனில்லை என்று கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணின் ஓரத்திலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. துடைத்துக்கொள்ளக் கை வரவில்லை, ஒரு கையில் ஊசி, இன்னொரு கையை அவர் எப்போது பிடித்தார் என்று தெரியவில்லை. பிடி இறுக்கமாகத்தான் இருந்தது. எண்ணுகிற உதடு மட்டும் நிற்கவே இல்லை. எழுபது தாண்டி, எண்பது தாண்டி, அவருடைய முகத்தில் லேசாக ஒரு தெளிவு வந்தது. நூறைத் தாண்டியதும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பதிமூன்று.

நாலு மணிக்குக் கப்பலின் சங்கு ஊதியது. ஜன்னல் கண்ணாடி அதிர, நீளமாக மூன்று முறை. வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்தார்கள். அவள் கண்ணைத் திறந்து அவர் முகத்தையே பார்த்தாள்.

லிஃப்ட்காரர் திரும்பவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், எரிச்சலோடு சூள்கொட்டினார்.

“சனியன் பிடிச்ச கப்பல். எண்ணிக்கை விட்டுப்போச்சு பாரு,” என்று சொல்லிவிட்டு, மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.